பழைய வீட்டுக்கு ஏற்ற அடுப்பு எது?

"நெருப்பில்லாமல் புகையாது" என்பது நம் முன்னோர் வாக்கு. அடுப்பைப் பொறுத்தவரையில் இதனைச் சற்றே மாற்றிச் சொல்லவேண்டும்: நெருப்பு நன்கு எரிந்தால் புகையாது. கண்ணைக் கரிக்கும் புகை என்பது, எரியாமல் தப்பிச் செல்லும் விறகேயாகும். நிலக்கரி எஞ்சின்கள் ஓடிய காலத்தில், புகைபோக்கி கரும்புகை கக்கினால் கரி வீணாகிறது என்பதைப் பயர்மேன் உடனே அறிந்துகொள்வார். அதே கணக்கு நம் சமையலறைக்கும் பொருந்தும். எஞ்சினின் புகை வானத்திற்குப் போயிற்று. நம் அடுப்பின் புகையோ தாய்மாரின் நெஞ்சுக்குள்ளும், அவர்கள் இடுப்பிலிருக்கும் குழந்தையின் நெஞ்சுக்குள்ளும் போகிறது. வீட்டுக்குள் எழும் இத்தகைய புகையினால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 லட்சம் பேர் மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

பாலக்காட்டுச் சீமையில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஓட்டு வீடுகளிலும், இடுக்கி மலையில் மூணாறு, பூப்பாறை, வட்டவடைப் பக்கத்துத் தகரக் கூரை லயங்களிலும் வாழும் நம்மவர் வீடுகளில் பெரும்பாலானவை பழையவை. அவை விறகடுப்பை எண்ணிக் கட்டப்பெற்றவை. அண்மையில் சங்க அன்பர்கள் சிலர், "பெல்லட் அடுப்பு என்று ஒன்று விற்கிறார்களே, பழைய வீட்டுக்கு அதை வாங்கலாமா?" என்று நம்மைக் கேட்டனர். அவர்களுக்கு மட்டுமன்றி, யாவருக்கும் பயன்படும் என்று கருதி, நாம் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

பெல்லட் என்பது என்ன?

மாட்டுக்கு வைக்கும் குச்சித் தீவனத்தை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அதே உருவில், மரத்தூள், கரும்புச் சக்கை, நிலக்கடலைத் தோல் முதலியவற்றை மிகுந்த அழுத்தத்தில் இறுக்கிச் செய்யப்படுவதே பெல்லட். இதன் சிறப்பு அதன் உலர்ச்சியில் இருக்கிறது. புதிதாக வெட்டிய பச்சை விறகின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே நெருப்பின் சூட்டில் ஒரு பகுதி செலவாகிறது. நல்ல பெல்லட்டில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கும் குறைவாகவே ஈரம் இருக்கும்.

மேல்நாடுகளில் பெல்லட் அடுப்பு என்றால் வீட்டைச் சூடாக்கும் கணப்பு. அமெரிக்காவில் 1980-களில் அது பரவியது. மின்சாரத்தால் சுழலும் திருகு ஒன்று பெல்லட்டைச் சிறிது சிறிதாக நெருப்பில் தள்ளும். மின்விசிறி புகையைக் குழாய் வழியே வெளியேற்றும். நம் நாட்டில் விற்பது அதுவன்று. இது வாளி போன்ற சமையல் அடுப்பு. உட்குழியில் பெல்லட்டை நிரப்பி மேற்புறம் பற்றவைத்தால், அடியிலுள்ள சிறு விசிறி காற்றை ஊதும். பெல்லட்டிலிருந்து எழும் வாயு மேலே வந்து, அங்கே மீண்டும் காற்றுடன் கலந்து, சுவாலையாக எரியும். புகை மிகக் குறைவு. ஆனால் இதற்குப் புகைபோக்கி கிடையாது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

ஊர்ஜா கற்பித்த பாடம்

இவ்வகை அடுப்பு நமக்குப் புதியதன்று. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் வகுத்த முறையில், பி.பி. என்னும் எண்ணெய் நிறுவனம் 'ஊர்ஜா' என்ற பெல்லட் அடுப்பை 2006-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களில் விற்றது. சில ஆண்டுகளுக்குள் சுமார் 4 லட்சம் அடுப்புகள் விற்பனையாயின. அடுப்பு நன்றாகவே எரிந்தது. ஆனால் சக்கைக்கும் தோலுக்கும் தொழிற்சாலைக் கொதிகலன்கள் போட்டிக்கு வந்தன. பெல்லட்டின் விலை ஏறிற்று. 2009-இல் தொழில் கைமாறியது. புதிய நிறுவனத்தார் உணவு விடுதிகள் பக்கம் கவனத்தைத் திருப்பினர். வீடுகளில் அடுப்பு இருந்தது. அதில் இடுவதற்குப் பெல்லட் இல்லை.

ஆகவே, அடுப்பை வாங்குமுன் அதற்கான எரிபொருளைத் தேடுக என்பதே நாம் சொல்லவேண்டிய முதற் செய்தி. மறையூரைப் பாருங்கள். அங்கே வெல்லம் காய்ச்சும் அடுப்பில் அதே கரும்பின் சக்கையே எரிகிறது. எரிபொருள் அடுப்பின் அருகிலேயே விளைவதால் அந்த அடுப்பு அணையவில்லை. உங்கள் ஊருக்கு எட்டும் தூரத்தில் பெல்லட் விற்போர் இருவரேனும் உண்டா? ஒருவர் கடையை மூடினாலும் மற்றவரிடம் கிடைக்குமா? கோயம்புத்தூரையும் பொள்ளாச்சியையும் அடுத்த பாலக்காட்டு ஊராருக்கு இது கைகூடலாம். மலைமேல் இருப்போருக்கோ, ஒவ்வொரு மூட்டையும் லாரி ஏறி வரவேண்டும். மழைக்காலத்தில் மண்சரிந்தால் சாலையே அடைபட்டுப் போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

பதிவேட்டில் எண்களோடு பழகியவர்கள் என்ற முறையில், நாம் ஒரு கணக்குச் சொல்கிறோம். எரிவாயு அடுப்பு தன் சூட்டில் நூற்றுக்கு அறுபது பங்கைப் பாத்திரத்திற்குக் கொடுப்பதாகவும், நல்ல பெல்லட் அடுப்பு முப்பத்தைந்து பங்கைக் கொடுப்பதாகவும் கொள்வோம். அப்படியானால் 14.2 கிலோ எரிவாயு உருளை ஒன்று செய்யும் சமையலைச் செய்ய ஏறக்குறைய 65 கிலோ பெல்லட் வேண்டும். பெல்லட் கிலோ 12 ரூபாயாக இருந்தால் 780 ரூபாய். 16 ரூபாயாக இருந்தால் 1,040 ரூபாய். இத்துடன் வண்டிக் கூலியையும் சேருங்கள். வந்த தொகையை, உங்கள் வீட்டுக்கு உருளை என்ன விலைக்கு வருகிறதோ அதனுடன் ஒப்பிடுங்கள். பெல்லட் கணிசமாகக் குறையாவிட்டால் அதை நாடுவதில் பயனில்லை. 2016 மே 1-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் இணைப்புப் பெற்ற குடும்பங்கள் இந்தக் கணக்கை மேலும் கவனமாகப் போடவேண்டும்.

சமைக்கும் முறையையும் எண்ணிப் பார்க்கவேண்டும். வாளி அடுப்பில் ஒருமுறை நிரப்பிய பெல்லட் தீர்ந்தால், நடுவே விறகைத் தள்ளுவதுபோல் தள்ள இயலாது. இட்லிக்கும் சாம்பாருக்கும் இது போதும். நெடுநேரம் கொதிக்கும் மட்ட அரிசிக்கு ஒருமுறை நிரப்பியது போதாமற் போகலாம். அரிசியை முன்னரே ஊறவைத்து, சிறிது நேரம் கொதித்தபின் பானையைச் சூடாரப்பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால், அடங்கிய சூட்டிலேயே சோறு வெந்துவிடும். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தார் வீடுதோறும் அறிமுகம் செய்த இந்தப் பெட்டி, எந்த அடுப்புக்கும் நல்ல துணை.

வீட்டைப் பாருங்கள்

அடுத்ததாகக் கவனிக்கவேண்டியது வீடு. பழைய ஓட்டு வீட்டில் ஓட்டிடுக்கு வழியே காற்று போய்வரும். ஒதுக்கமான பின்கட்டுச் சமையலறையும் சன்னலும் இருந்தால், தரமான பெல்லட் அடுப்பை அங்கே வைக்கலாம். கூரைக்குத் தட்டி அடித்து மூடிய வீட்டில், எதிரெதிராக இரண்டு திறப்புகள் இல்லாமல் எந்தப் புகைபோக்கியற்ற அடுப்பையும் வைத்தலாகாது.

தகரக் கூரை லயங்களில், குளிருக்கு அஞ்சிச் சன்னலை அடைத்து வைப்பது வழக்கம். அங்கே புகைபோக்கியுள்ள அடுப்பே தகும். குழாய் கூரை முகட்டுக்கு மேல் இரண்டடியேனும் உயர்ந்திருக்கவேண்டும். தாழ்ந்திருந்தால் காற்று புகையைத் திருப்பி உள்ளே அனுப்பும். மரச்சட்டத்தில் குழாய் படாதவாறு தகட்டு வளையம் அமைக்கவேண்டும். கூரை ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால் அதைத் துளைக்கவோ அறுக்கவோ கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. சுவர் வழியே குழாயை வெளியே எடுத்து மேலே ஏற்றுவதே முறை. லயம் தோட்ட நிர்வாகத்துக்கு உரியது. வாடகை வீடு வீட்டுக்காரருக்கு உரியது. ஆதலால் முன்னரே கேட்டு ஒப்புதல் பெறுவது நலம்.

மலை வீட்டாருக்கு

மலையில் கிராண்டிஸ் விறகு கிடைக்கும் வரையில், நல்ல விறகடுப்பே பெல்லட்டைவிட நம்பத்தக்கது என்பது நம் கருத்து. புகையில்லா அடுப்பு இந்நாட்டில் நீண்ட வரலாறு உடையது. ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு என்ற பொறியியலார் அமைத்த அடுப்பைப் பற்றிய நூல் 1953-இல் சென்னையில் வெளிவந்தது. கேரளத்தில் 'பரிஷத் அடுப்பு' பரவியது. பரிஷத்தார் 1987-இல் தொடங்கிய கிராமத் தொழில்நுட்ப மையம் நம் பாலக்காட்டு முண்டூரிலேயே இருக்கிறது. மத்திய அரசின் திட்டத்தில் 1980-களிலிருந்து 2002 வரை சுமார் மூன்றரைக் கோடி அடுப்புகள் அமைக்கப்பெற்றன. அவற்றுட் பல விரைவில் பழுதாயின. வாய் உடைந்தது, குழாயில் கரி அடைத்தது, சீர்செய்ய ஆளில்லை. ஆகவே, அடுப்புக் கட்டும் கொத்தனார் கைக்கெட்டும் ஊரில் இருக்கிறாரா என்பதையும் கேட்டு வையுங்கள். குழாயை மாதம் ஒருமுறை தட்டிக் கரியை இறக்குங்கள்.

விறகைத் தை முதல் சித்திரைக்குள் மணிக்கட்டுப் பருமனாகப் பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, மழைக்குமுன் கூரையடியில் சேர்த்துவிடவேண்டும். இந்த ஒரு பழக்கமே, புதிய அடுப்பு எதையும் வாங்காமல், புகையைப் பெருமளவு குறைக்கும். பெல்லட் வாங்குவோரும் அதை மூடியுள்ள தகர டின்னில் வைக்கவேண்டும். ஆனி, ஆடி மழையின் ஈரம் பட்டால் பெல்லட் உப்பி உதிர்ந்து, மீண்டும் மரத்தூளாகிவிடும்.

இரவில் கனல் வேண்டா

மலையில் மார்கழி, தைக் குளிரில் சிலர் சட்டியில் கனலை அள்ளி உறங்கும் அறையில் வைத்துக் கதவைச் சாத்துகின்றனர். கனலில் புகையில்லை என்று எண்ணுவது பெரும் பிழை. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே உயிரிழப்பர். பெல்லட் அடுப்பின் அடிக்கனலுக்கும் இதுவே பொருந்தும். தலைவலியும் குமட்டலும் வீட்டிலுள்ள பலருக்கும் ஒருசேர வந்தால், உடனே கதவைத் திறந்து யாவரும் வெளியே வந்துவிடவேண்டும். குளிருக்குக் கம்பளியே காவல். கைக்குழந்தைக்குத் தாயின் அணைப்பே கணப்பு.

கடைக்காரரிடம் கேட்கவேண்டியவை

இவ்வளவுக்கும் பிறகு பெல்லட் அடுப்பே தகுமென்று தோன்றினால், கடையில் இவற்றைக் கேளுங்கள். இந்திய தர அமைவனத்தின் ஐ.எஸ். 13152 தரத்துக்கு உட்பட்டதா? 2013-இல் திருத்திய அத்தரத்தின்படி, விசிறியுள்ள அடுப்பு நூற்றுக்கு 35 பங்கும், விசிறியில்லாதது 25 பங்கும் சூட்டைப் பாத்திரத்துக்குச் சேர்க்கவேண்டும். விசிறியின் மின்கலம் எத்தனை நாள் தாங்கும்? மழையில் மூன்று நாள் மின்சாரம் நின்றால் அடுப்பு எரியுமா? விசிறியைத் தனியே மாற்ற முடியுமா, எங்கே கிடைக்கும்? பெல்லட் தீர்ந்தால் சிறு விறகுத் துண்டையும் இட்டு எரிக்கலாமா? நம் வீட்டுப் பெரிய பானையை ஏற்றினால் சாயாதா? பானையைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிடுவது உத்தமம்.

இன்னுமொன்று. அடுப்பை வாங்கச் செல்லும்போது, அதன்முன் நின்று சமைப்பவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். விலையை நாம் பார்க்கலாம். குனிவும் நிமிர்வும், பற்றவைக்கும் தொல்லையும், சாம்பல் அள்ளும் வேலையும் அவருக்கே தெரியும். அவர் வேண்டாமென்ற அடுப்பு, எத்துணை உயர்ந்ததாயினும், ஒரு மாதத்தில் பரண் ஏறிவிடும்.