கொலுசு எதைப் பார்க்குதோ, அதுதான் போட்டோவுல வரும்

இன்னைக்கு எபிசோட், பளபளன்னு இருக்கிற உலோகத்தை கண்கூசாம போட்டோ எடுக்கிறது எப்படிங்கிறதைப் பத்தி. உதாரணம் நம்ம சேலத்து வெள்ளிக் கொலுசு.

ஆட்டையாம்பட்டின்னதும் உங்களுக்கு முறுக்குதான் ஞாபகம் வரும். ஆனா சேலம் வட்டாரத்துக்கு இன்னொரு அடையாளம் கொலுசு. செவ்வாய்ப்பேட்டையைச் சுத்தி நிறைய பேருக்கு இதுதான் பிழைப்பு. எங்க பெரியம்மா பொண்ணு ஆட்டையாம்பட்டியில வீட்டுல இருந்தே வாட்ஸ்அப்லயும் இன்ஸ்டாவுலயும் கொலுசு விக்கறாங்க. கடை கிடையாது, போன்தான் கடை. போட்டோ பார்க்கிறவங்க அவங்ககிட்ட கேட்கிற முதல் கேள்வி: "அக்கா, இது வெள்ளியா, அலுமினியமா?"

சாதாரண கேள்வி இல்லை இது. வெள்ளி விலை கிலோ 1 லட்சம் ரூபாயைத் தாண்டிப் போயிடுச்சு. முகம் தெரியாத ஒருத்தருக்கு முன்பணம் அனுப்பணும்னா, வாங்குறவங்க கையில இருக்கிற ஆதாரம் அந்த போட்டோ மட்டும்தான்.

சரி, ஏன் சொதப்புது? ஒரு மரப்பொம்மை மேல வெளிச்சம் பட்டா எல்லாப் பக்கமும் சிதறும். அதனால எங்க இருந்து பார்த்தாலும் பொம்மை பொம்மையாத்தான் தெரியும். பாலிஷ் போட்ட உலோகத்துல அப்படிச் சிதறாது. எந்தக் கோணத்துல வந்துச்சோ அதே கோணத்துல அந்தப் பக்கம் திரும்பிப் போகும். எட்டாங்கிளாஸ் பாடம்தான். ஆறன்முளைக் கண்ணாடி முழுக்க உலோகம். தேய்ச்சுத் தேய்ச்சே முகம் பார்க்கிற கண்ணாடி ஆக்கறாங்க. வெள்ளி இன்னும் ஒரு படி மேல, தன் மேல விழற வெளிச்சத்துல 95 சதவீதத்தை அப்படியே திருப்பி அனுப்பும்.

அப்போ கொலுசை போட்டோ எடுக்கிறதுன்னா, கொலுசுக்குள்ள தெரியற ரூமை போட்டோ எடுக்கிறதுதான். பச்சைச் சுவர் இருந்தா வெள்ளி பச்சையடிக்கும். டியூப்லைட் இருந்தா வெள்ளைக் கோடு விழும். நடுவுல கறுப்பா ஒண்ணு தெரியுதா? அது உங்க போன். கிளேர்னு நாம திட்டறது, ஒரு சின்ன பல்போட பிம்பம். அதனால பளபளப்பைக் குறைக்க வேண்டாம். கொலுசு பார்க்கிற காட்சியை மாத்தணும்.

தட்டையான வெள்ளித் தட்டுன்னா வேலை சுலபம். 'லைட்: சயின்ஸ் அண்ட் மேஜிக்'னு போட்டோகிராபர்கள் மதிக்கிற ஒரு புத்தகம் இருக்கு. அதோட மையமான யோசனை: கேமரா நிக்கிற இடத்துல இருந்து கோணம் போட்டுப் பார்த்தா, தட்டு எந்தப் பகுதியைப் பார்க்குதுன்னு தெரிஞ்சிடும். அந்தப் பகுதியில ஒரு வெள்ளை அட்டை வச்சா போதும். கொலுசு முத்து அப்படி இல்லை. உருண்டை. ஒவ்வொரு முத்தும் ஒரு குட்டிக் குவிகண்ணாடி மாதிரி, கிட்டத்தட்ட ரூம் முழுசையும் பார்க்கும். அதனால எல்லாப் பக்கமும் மறைக்கணும்.

வீட்டுல செய்யறது இப்படி. நேரடி வெயில் விழாத ஜன்னல் பக்கம் டேபிளைப் போடுங்க. ஜன்னல்ல ஒரு வெள்ளை வேட்டி கட்டுங்க, கலர் கரை உள்ள வராம. மத்த மூணு பக்கமும், மேலயும் தெர்மாகோல் அட்டை. எதிர்ப்பக்க அட்டையில லென்ஸ் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டு அதுவழியா எடுங்க. ரூம் லைட்டை அணைச்சிடுங்க. ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தா ஒரு முத்து நீலமா, ஒரு முத்து மஞ்சளா வரும். கிட்ட போகாதீங்க, கொஞ்சம் தள்ளி நின்னு 2 மடங்கு ஜூம், டைமர் வச்சு எடுங்க.

இப்போ கிளேர் போயிடும். ஆனா வெள்ளி சோர்ந்து போய் பிளாஸ்டிக் மாதிரி தெரியும். சுத்தி எல்லாமே வெள்ளையா இருந்தா விளிம்பு எங்கன்னு கண்ணுக்குப் புரியாது. அதுக்கு ஒரு விரல் அகலத்துல ரெண்டு கறுப்பு சார்ட் பட்டையை பக்கவாட்டுல நிறுத்துங்க. முத்துல மெல்லிசா கறுப்புக் கோடு விழும், உருண்டை உருண்டையாத் தெரியும்.

அடுத்தது எக்ஸ்போஷர். போனோட ஆட்டோ மோடு, காட்சியை சராசரி சாம்பல் அளவுக்கு இழுக்கப் பார்க்கும். எல்லாம் வெள்ளையா இருந்தா இருட்டாக்கும். அக்கா கிட்ட வர்ற அலுமினியக் கேள்வி பாதி இங்க இருந்துதான் வருது. கறுப்புத் துணி மேல வச்சா நேர்மாறு, அதிகமா வெளிச்சமாக்கி முத்தெல்லாம் வெறும் வெள்ளைப் புள்ளி ஆகிடும். ஒரு பிக்சல் 255ஐத் தொட்டு நின்னுட்டா, எந்த எடிட்டிங் ஆப்பாலயும் அந்த டீடெயிலைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால கொலுசைத் தொட்டு ஃபோகஸ் லாக் பண்ணுங்க. வெள்ளைப் பின்னணின்னா எக்ஸ்போஷரைக் கொஞ்சம் ஏத்துங்க, கறுப்புன்னா இறக்குங்க.

"போலரைசர் ஃபில்டர் வாங்கினா வேலை முடிஞ்சுதே"ன்னு நிறைய பேர் மெசேஜ் பண்றீங்க. தண்ணி, கண்ணாடி மேல வர்ற பிரதிபலிப்புக்கு அது சரி. வெறும் உலோகத்துல இருந்து திரும்பற வெளிச்சத்துல பெரும்பாலும் போலரைசேஷன் வராது, அதனால ஃபில்டருக்கு அங்க வெட்ட எதுவும் இல்லை. லைட்டுக்கும் ஒரு போலரைசர் போட்டு, லென்ஸ்ல இருக்கிறதை 90 டிகிரி திருப்பினா பிரதிபலிப்பு மறையும். ஆனா வெள்ளியோட அழகே பிரதிபலிப்புதானே? அதை எடுத்துட்டா கறுத்த கம்பிதான் மிச்சம்.

கடைசியா ஒண்ணு. பவுடர் தடவி மங்கலாக்கறது, ஏஐ ஃபில்டர் போட்டு வழவழன்னு ஆக்கறது, இந்த ரெண்டும் வேண்டாம். பத்த வச்ச இணைப்பு, திருகு, முத்திரை, சின்னக் கீறல் எல்லாம் தெரியணும். முத்திரைக்கு மட்டும் தனியா ஒரு போட்டோ, வெளிச்சம் பக்கவாட்டுல படுத்த மாதிரி வர்றப்போ எடுங்க. பொறிச்ச எழுத்து நிழலோட எழும்பி நிக்கும். பார்சலைப் பிரிக்கிறவங்க போட்டோவுல பார்த்த அதே கொலுசைப் பார்த்தாதான் அடுத்த ஆர்டர் வரும்.

கொலுசு இல்லாதவங்க ஒரு எவர்சில்வர் கரண்டியை ஜன்னல் பக்கம் எடுத்துட்டுப் போய் மெதுவாத் திருப்பிப் பாருங்க. அதுக்குள்ள என்னென்ன தெரியுதுன்னு எண்ணுங்க. எண்ணி முடிச்ச பிறகு போனை எடுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.