நாய்க்கும் ஓட இடம் வேண்டும்

கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் நாய் வளர்ப்பது பெரிய காரியமாக இருந்ததில்லை. லயத்து வாசலில் படுத்திருக்கும். செம்பனைக் காட்டுக்குக் கூடவே ஓடிவரும். தோட்டத்தை விட்டுத் தலைநகர அடுக்குமாடிக்குக் குடியேறும்போதுதான் சிக்கல். சிலர் நாயைத் தோட்டத்திலேயே விட்டுவிடுகிறார்கள். சிலர் அழைத்து வந்து நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப் போடுகிறார்கள். இரண்டும் சரியா? வளர்ப்பவர் தம் பிராணியின் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்பதை 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் கடமையாகவே ஆக்கியிருக்கிறது.

நம் நாட்டில் பொதுப் பூங்காக்கள் பலவற்றில் நாய்க்கு அனுமதியில்லை. முஸ்லிம் அண்டை வீட்டாரின் சமய உணர்வையும் நாம் மதிக்க வேண்டும். எனவே, கட்டணம் செலுத்தி நாயை அவிழ்த்துவிடும் உள்ளரங்கப் பூங்காக்கள் பெருநகரில் உதவுகின்றன. வெயில், மழைத் தொல்லையும் இல்லை.

ஆனால் பல நாய்கள் கூடும் மூடிய இடத்தில் நோய் எளிதில் பரவும். 'பார்வோ' கிருமி தரையில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். குட்டிக்கு எல்லாத் தடுப்பூசிகளும் முடிந்து, கால்நடை மருத்துவர் சரி என்ற பிறகே அழைத்துச் செல்லுங்கள். இருமல், வயிற்றுப்போக்கு இருந்தால் வீட்டிலேயே வையுங்கள்.

முதல் முறை கூட்டம் குறைந்த நேரத்தில் போங்கள். இரட்டைக் கதவு இருந்தால், இரண்டுக்கும் நடுவில் வாரை அவிழ்த்துவிடுங்கள். மற்றவை அவிழ்ந்து ஓட, ஒன்று மட்டும் கட்டுண்டிருந்தால் அது மிரண்டு கடிக்கக்கூடும். தீனியும் பந்தும் சண்டைக்கு வித்து, வெளியிலேயே வையுங்கள். முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பக்கம் தூக்கினால் அது விளையாட்டு அழைப்பு. வாலை இடுக்கி மூலையில் ஒதுங்கினால் பயம். உடனே வெளியே கொண்டு வாருங்கள். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த அடையாளங்கள் கண்ணில் படாது.

தோட்டத்தில் வளர்ந்த நாய்க்குத் தன் லயமே எல்லை. அந்நிய நாய்களைக் கண்டால் சீறுவது அதன் பழக்கம். அதற்குப் பூங்கா ஒத்துவராவிட்டால் கட்டாயப்படுத்த வேண்டாம். காலையும் மாலையும் வாரில் பிடித்து நடத்தினாலே போதும்.

அன்பர்களே, வீடு மாறும் முன்பே, அங்கே நாய்க்கு அனுமதி உண்டா, உரிமம் கிடைக்குமா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் நம்பகமான உறவினரிடம் ஒப்படையுங்கள். நம் வாசலைக் காத்த உயிரைத் தெருவில் விட்டுவிடக் கூடாது.