பட்டை உடைந்த வண்டியில் பாரம் ஏற்றலாமா?

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “ஐயா, ஒன்றரை ஏக்கரில் தக்காளி பறிப்பு நடக்கிறது. சொந்தமாகக் குட்டி யானை வண்டி வைத்திருக்கிறேன். பின்பக்கம் இடது கட்டில் ஒரு பட்டை உடைந்துவிட்டது. வண்டி கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது, ஆனால் ஓடுகிறது. பட்டறையில் விட்டால் இரண்டு நாள் ஆகும் என்கிறார்கள். சேலம் வரை லோடு போக வேண்டும். சீசன் முடிய இன்னும் இருபது நாள் இருக்கிறது. அதுவரை ஓட்டலாமா?”

பயிர் சம்பந்தமான கேள்விகளுக்குப் பதில் எழுதும் எனக்கு ஏன் இந்தக் கேள்வியை அனுப்பினார் என்று முதலில் நினைத்தேன். ஆனால் இதற்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நேரடியான பதில்: பாரத்தோடு ஓட்டக் கூடாது. சேலம் போகும் வழியில் தொப்பூர் இறக்கம் இருப்பதால், அந்தப் பாதையில் கண்டிப்பாகக் கூடாது.

பட்டையின் வேலை என்ன?

பட்டை என்றால் குலுங்காமல் இருப்பதற்கு என்றுதான் பலரும் நினைக்கிறோம். சிறிய சரக்கு வண்டிகளில் பின் அச்சை அடிச்சட்டத்தோடு பிடித்து வைத்திருப்பதே இந்தப் பட்டைக் கட்டுதான். கட்டின் மேலே இருக்கும் நீளமான மெயின் பட்டையின் இரு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டு, சட்டத்தில் மாட்டப்பட்டிருக்கும். கட்டின் நடுவே சென்டர் போல்ட் இருக்கும். யூ போல்ட்கள் கட்டையும் அச்சையும் சேர்த்து இறுக்கும்.

மெயின் பட்டை முறிந்தாலோ, யூ போல்ட் தளர்ந்து சென்டர் போல்ட் அறுந்தாலோ, அந்தப் பக்கத்து அச்சு முன்னும் பின்னும் நகரத் தொடங்கும். பிரேக் போடும்போது ஒரு பக்கச் சக்கரம் பின்தங்கும், வண்டி தானாகக் கோணி இழுக்கும். சமதளத்தில் மெதுவாகப் போகும்போது இதைச் சமாளித்துவிடலாம். நீண்ட இறக்கத்தில், முழுப் பாரத்தோடு, முன்னால் போகும் லாரி திடீரென்று நின்றால் சமாளிக்க முடியாது.

கீழே உள்ள துணைப் பட்டைகளில் ஒன்று உடைந்தால் உடனே அச்சு நகராது. ஆனால் அது சுமந்த பாரம் மற்ற பட்டைகள் மேல் விழும். அடுத்த பட்டை எப்போது முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெரும்பாலும் பாரம் அதிகமாக இருக்கும்போது, பள்ளத்தில் இறங்கும்போதுதான் முறியும்.

நீங்களே பார்க்கலாம்

வண்டியைக் காலியாகச் சமதளத்தில் நிறுத்துங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஜாக்கி மட்டும் போட்டுத் தூக்கிய வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள்.

இரண்டு பக்கமும் தரையிலிருந்து பாடி வரை அளந்து பாருங்கள். ஒரு பக்கம் தெளிவாகத் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கக் கட்டில் பழுது இருக்கிறது. முறிவுள்ள இடம் துரு ஏறியிருந்தால் விரிசல் பழையது, பளபளப்பாக இருந்தால் இப்போதுதான் உடைந்திருக்கிறது. வளையம் உள்ள மேல்பட்டையில் முறிவு என்றால் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

ஒருவரை மெதுவாக ஓட்டச் சொல்லி, பின்னால் நின்று பாருங்கள். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தடத்தில் போகாமல் வண்டி கோணலாகப் போனால் அச்சு நகர்ந்திருக்கிறது. டயரின் உள்பக்கம் பாடியில் உரசிய அடையாளம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஷாக் அப்சார்பரைப் பார்ப்பது சுலபம். அதன் மேல் எண்ணெய் வழிந்து மண் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். வண்டியின் ஒரு மூலையை அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழுந்து அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால் அது போய்விட்டது. ஷாக் போன வண்டியில் சக்கரம் ரோட்டைவிட்டுத் துள்ளும். துள்ளும் சக்கரத்துக்குப் பிரேக் சரியாகப் பிடிக்காது, நிற்கும் தூரம் கூடும்.

வீட்டில் கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. முன் சக்கரப் பகுதியில் பால் ஜாயின்ட் ஆடினால், பள்ளத்தில் ஏறி இறங்கும்போது ‘டக்… டக்…’ என்று சத்தம் வரும். அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும், ஸ்டீயரிங் பிடித்துப் பயனில்லை. சுருள் ஸ்பிரிங் உடைந்தால் அதன் முனை டயரைக் கிழிக்கலாம். இந்த இரண்டும் இருந்தால் பட்டறைக்குக்கூட ஓட்டிப் போகாதீர்கள், மெக்கானிக்கை வரவழையுங்கள், இல்லையென்றால் வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்: மெயின் பட்டை, யூ போல்ட், சென்டர் போல்ட், பால் ஜாயின்ட், சுருள் ஸ்பிரிங் ஆகியவற்றில் பழுது என்றால் வண்டி நகரக் கூடாது. துணைப் பட்டை ஒன்று என்றால், மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டு, காலி வண்டியாக, மெதுவாக, அருகில் உள்ள பட்டறை வரை மட்டும் போகலாம். ஷாக்கில் எண்ணெய் கசிவு மட்டும் என்றால், உள்ளூர்ச் சமதளப் பாதையில், பாதிப் பாரத்தோடு, வேகம் குறைத்து ஓரிரு நாள் தள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.

தக்காளி என்ன ஆகும்?

இது என் பாடம். உடைந்த பட்டையின் முதல் நஷ்டம் பழத்தில்தான் தெரியும். வண்டியில் பின் அச்சுக்கு மேலும் அதற்குப் பின்னாலும் குலுக்கல் அதிகம். அடுக்கின் மேல்வரிசைக் கிரேட்கள்தான் கூடுதலாக அதிரும். வெளியே கீறல் தெரியாவிட்டாலும் உள்சதை நசுங்கிவிடும். நசுங்கிய பழம் எத்திலீனை அதிகமாக வெளியிட்டு, தானும் பழுத்து, பக்கத்துப் பழத்தையும் பழுக்கவைக்கும். மண்டியில் இறக்கும்போது நன்றாக இருந்த சரக்கு மறுநாள் நீர் விடுவது இப்படித்தான். அடுத்த முறை உங்கள் கிரேடைப் பார்த்ததும் வியாபாரி விலையைக் குறைப்பார்.

பறிப்பை மாற்றுங்கள், நாள் கிடைக்கும்

“இரண்டு நாள் வண்டி நின்றால் தக்காளி செடியிலேயே பழுத்துப் போகுமே” என்பதுதான் அவருடைய உண்மையான கவலை. அதற்கு வழி இருக்கிறது.

தக்காளியை நாம் தினமும் பறிப்பதில்லை, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறைதான் பறிக்கிறோம். இரண்டு பறிப்புக்கு நடுவே உள்ள நாள்கள்தான் பட்டறைக்கான நாள்கள். அடுத்த பறிப்பில் சிவந்த பழத்தோடு நிறுத்தாமல், அடியில் லேசாக நிறம் திரும்பிய காய்களையும் சேர்த்துப் பறித்துவிடுங்கள். அவை பறித்த பிறகும் பழுக்கும், குலுக்கலையும் ஓரளவு தாங்கும். இதனால் செடியில் பழுத்து நிற்கும் சுமை குறையும், அதற்கடுத்த பறிப்பை ஒருநாள் தள்ளிப்போட முடியும். சிவந்ததைத் தனியாகப் பிரித்து உள்ளூர்ச் சந்தைக்கும், நிறம் திரும்பியதைத் தொலைவுக்கும் அனுப்புங்கள்.

அந்த ஒரு லோடுக்கு மட்டும் பக்கத்துத் தோட்டக்காரரோடு சேர்ந்து வாடகை வண்டி பிடியுங்கள். வாடகை அதிகம் என்று தோன்றினால், ஒரு லோடு தக்காளி ரோட்டில் கொட்டினால் எவ்வளவு போகும் என்று கணக்குப் போடுங்கள்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

உடைந்த பட்டையை வெல்டிங் வைக்கச் சம்மதிக்காதீர்கள். பட்டை எஃகுக்கு வளைந்து மீளும் பதம் உண்டு. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி முறியும். புதுப் பட்டைதான் சரி. ஷாக் மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். யூ போல்ட்களைச் சில நாள் பாரம் ஏற்றி ஓட்டிய பிறகு மறுபடி முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

“கூடவே ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டா ஒரு டன் கூடுதலா ஏத்தலாம்” என்று யாராவது சொல்வார்கள். பட்டை கூடினாலும் பிரேக்கும் அச்சும் டயரும் பழையவைதான். கிரேடுக்கு 25 கிலோ என்றால் 30 கிரேடிலேயே 750 கிலோ வந்துவிடும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்துப் பாருங்கள், உங்கள் வண்டியின் அளவு தெரியும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஆபத்தான பழுது இருப்பது தெரிந்தும் வண்டியை ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190-ஆம் பிரிவின்படி 1,500 ரூபாய். அதனால் விபத்தாகி யாருக்காவது காயம் பட்டால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய்.

நான் சொல்லாமல் விட்டது

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு என்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, இலைச்சுருட்டு நோய் பார்க்க ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். வரப்போரம் தக்காளி ஏற்றிய வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. உடைந்த பட்டைக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்து, கயிறு சுற்றியிருந்தார்கள். கிரேட்களுக்கு மேல் லோடு இறக்கும் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். பார்த்தேன். இது நம் வேலை இல்லையே என்று, வெள்ளை ஈக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மாலையில் சேதி வந்தது. இறக்கத்தில் பிரேக் போட்டதும் வண்டி ஒரு பக்கம் இழுத்து, பள்ளத்தில் சாய்ந்திருக்கிறது. ஓட்டியவருக்குச் சிராய்ப்புதான். மேலே இருந்த பையனுக்கு இடுப்பெலும்பு முறிந்து, பல மாதம் படுக்கையில் கிடந்தான். அதன் பிறகு அவனால் மூட்டை தூக்க முடியவில்லை. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருபவருக்கு இழப்பீடு தரும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அப்படி ஏற்றிச் செல்லும் ஆட்களுக்கு ஏதாவது ஆனால் சுமை முழுதும் வண்டி உரிமையாளர் தலையில்தான் விழும்.

அன்று காலை நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பாரா என்று தெரியாது. சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் இப்போது தோட்டம் பார்க்கப் போகும்போது செடியோடு வண்டியையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுகிறேன்.

பாலக்கோடு நண்பரே, இந்தப் பறிப்பு முடிந்ததும் வண்டியைப் பட்டறையில் விடுங்கள். அதுவரை லோடு வாடகை வண்டியில் போகட்டும். மேல்பட்டை முறிந்திருந்தால் பட்டறைக்காரரை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். வண்டி சரியானதும், கிரேட்களுக்கு மேல் யாரையும் உட்காரவைக்காமல் தொப்பூர் இறங்குங்கள்.