குளத்துக்கு மூச்சூட்டும் சக்கரம்

புத்தளம், சிலாபம் பகுதிகளிலுள்ள இறால் வளர்ப்புக் குளங்களில், நுரை பறக்கச் சுழலும் துடுப்புச் சக்கரங்களை வாசகர்களுட் பலர் கண்டிருத்தல் கூடும். அவை அழகுக்காகச் சுழல்வன அல்ல. 30 பாகை சென்ரிகிறேட் வெப்பமுள்ள நன்னீரின் ஓர் இலீற்றரிலே காற்றிலிருந்து கரைந்து நிற்கும் ஒட்சிசன் ஏறத்தாழ 7.5 மில்லிகிராமே; உவர்நீரில் அதனினும் குறைவு. பகலில் பாசி ஒட்சிசனைப் பெருக்குகின்றது. இரவிலோ, அப்பாசியும் இறாலோடு சேர்ந்து அதனைச் சுவாசித்துத் தீர்க்கின்றது. விடியுமுன்னர் பஞ்சம் உச்சமடையும். அவ்வேளை சக்கரம் நின்றுவிடின், கடன்பட்டுக் குளம் வெட்டிய குடும்பத்தின் பல மாத உழைப்பு ஓரிரவில் அழிந்துபோகலாம்.

ஆகவே, அச்சக்கரம் எதனாற் செய்யப்பட்டது என்னும் வினா சிறியதன்று. மிதவைகள் பெரும்பாலும் அடர்த்தி மிக்க பொலியெதிலீனாலானவை. நீரிலும் இலேசான அதனை உப்பு அரிப்பதில்லை. வெயிலே அதன் பகை. புறவூதாக் கதிரைத் தாங்கும் பொருள் கலவாத மிதவை நாளடைவில் வெடித்து நொறுங்கும். கரிப்பொடி அத்தகைய பொருள்களுள் எளியது. துடுப்புகளுக்கு நைலோன் அல்லது பொலிபுரொப்பிலீன் ஏற்றது. செம்பும் பித்தளையும் நீருக்குள் ஆகா. கரைந்த செம்பு இறாலுக்கு நஞ்சு.

சட்டத்துக்கும் அச்சுக்கும் கறையில் உருக்கையே நாடுவர். நூற்றுக்கு 18 பங்களவு குரோமியமும் 8 பங்களவு நிக்கலும் கலந்த இனமே பெருவழக்கு. அதன் மேற்பரப்பில் குரோமிய ஒட்சைட்டு, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாய்ப் படிந்து காக்கின்றது. கீறல் விழுந்தால் ஒட்சிசனைக் கொண்டு அப்படலம் தன்னைத்தானே புதுப்பித்துக் கொள்ளும். சேறும் பாசியும் அடைத்த இடுக்குகளிலோ ஒட்சிசன் புகாது. உப்பிலுள்ள குளோரைட்டு அங்கேதான் உருக்கைத் துளைக்கத் தொடங்கும். மூச்சூட்ட வந்த பொறிக்கே மூச்சு முட்டுகின்றது! மொலிப்டினம் சேர்ந்த இனம் இதனை நன்கு தாங்கும், விலைதான் அதிகம்.

இவற்றினும் பொல்லாதது, கறையில் உருக்குச் சட்டத்திலே சிக்கனங் கருதிப் பூட்டப்படும் சாதாரண இரும்பு மரையாணி. உப்புநீரில் இவ்விரு உலோகங்களும் ஒரு மின்கலம்போல் இயங்கும். பரந்த சட்டத்துக்காகச் சிற்றாணி தன்னையே இழக்கும். சட்டம் பளபளத்து நிற்க, ஆணி கரைந்து, ஒருநாள் துடுப்புக் கழன்று நீருள் மூழ்கும். சக்கரத்தைக் கரைக்கிழுத்துக் கழுவும்போதெல்லாம் ஆணித்தலைகளைச் சுரண்டிப் பார்க்கும் பண்ணையாட்களுக்கு இதனை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.