காலில் பட்ட காயமும் வேலியோரத்து மூலிகையும்

குருக்கள்மடம் துறையடியில் அம்பிலாந்துறைப் படகுக்குக் காத்து நிற்கையில், துணி சுற்றிய கால்களை நாம் அடிக்கடி காண்கின்றோம். மண்வெட்டி பட்ட காயம், முள் தைத்த காயம். துணிக்குள் மஞ்சளும் வேப்பிலையும் இருக்கும். மடியில் அயலவர் கொடுத்த மீதிக் குளிசை இரண்டு இருக்கும். 2007இல் படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்த நாட்களிலும் இதையே கண்டோம்.

மூலிகை வீணானதா? இல்லை. கொத்தமல்லியுடன் அவித்துக் குடிக்கும் மரமஞ்சளை எடுத்துக்கொள்வோம். அதற்கு மஞ்சள் நிறம் தருவது பெர்பெரின் என்னும் பொருள். அது பற்றீரியாக்களைத் தாக்கும். ஆனால் சீழ் உண்டாக்கும் சில பற்றீரியாக்கள், வயலில் தேங்கிய நீரைப் பம்பு இறைப்பது போல, உள்ளே புகுந்த பெர்பெரினை வெளியே இறைத்துவிடுகின்றன. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் ஒரு புதுமையைக் கண்டனர். பெர்பெரின் உள்ள அந்நாட்டுச் செடியொன்று, அந்தப் பம்பை அடைக்கும் வேறொரு பொருளையும் தானே உண்டாக்குகின்றது. இரண்டும் சேர்ந்தபோது பெர்பெரினின் வலிமை பன்மடங்காயிற்று. மருந்துக்கு அடங்காத கிருமிகளை வெல்லும் வழியை ஆய்வாளர் செடிகளில் தேடுவது இதனாலேயே.

எனினும் ஆய்வுகூடத்தில் அளந்து பிரித்தெடுத்த சாறு வேறு. கழுவாத இலையைக் கசக்கிக் காயத்தில் வைப்பது வேறு. இலையோடு ஒட்டிய மண்ணில் ஏற்புவலிக் கிருமி இருக்கலாம்.

நமது மாவட்டத்தில் இன்னுமோர் ஆபத்துண்டு: மெலியோயிடோசிஸ். இதன் பற்றீரியா வயல் மண்ணிலும் சேற்று நீரிலும் வாழ்கின்றது. மாரி காலத்தில் காயம் வழியே உடலுக்குள் புகும். நீரிழிவுக்காரரை அதிகம் தாக்கும். பென்சிலின் போன்ற பல மருந்துகளுக்கு அது இயல்பாகவே அடங்காது. தகுந்த மருந்தை வாரக்கணக்கில் ஊசியாகவும், பின் மாதக்கணக்கில் குளிசையாகவும் எடுக்க வேண்டும். மீதிக் குளிசை இரண்டு இங்கே என்ன செய்யும்?

ஆகவே நாம் வேண்டுவது இவைதான்:

காயத்தைச் சுத்தமான நீரும் சவர்க்காரமும் கொண்டு உடனே கழுவுங்கள். திறந்த காயத்தில் பச்சிலை வைக்காதீர்கள். ஏற்புத் தடை ஊசி போடுங்கள். காய்ச்சலோ சீழோ கண்டால் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வயலில் வேலை செய்வதையும் நீரிழிவு இருப்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். தந்த குளிசையைச் சொன்ன நாள்வரை குடியுங்கள், பிறருக்குப் பங்கிடாதீர்கள்.

அரிசியையும் மீனையும் பகிர்வோம். குளிசையை மட்டும் பகிர வேண்டாம்.