11 தட்டில் மட்டக்களப்பு

போட்டோ கொப்பியும் தட்டச்சும் ஒன்றாக நடக்கும் மட்டக்களப்புக் கடைகளில் விண்ணப்பமோ கோயில் நோட்டீசோ அடிப்பவரின் விரல்களைக் கவனித்துப் பாருங்கள். ஊர்ப் பெயரை அடிக்க அவருக்கு விசைப்பலகையைப் பார்க்கவே வேண்டியதில்லை. கே, எல், அரைப்புள்ளி, எல், எஃப், அரைப்புள்ளி, எஃப், எஸ், ஜி, அரைப்புள்ளி, கடைசியாக ஷிஃப்டோடு ஒரு ஜி. 11 தட்டில் ‘மட்டக்களப்பு’ வந்துவிடும். பாமினி என்னும் தமிழ் எழுத்துருவில் அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. பெரிய ஜி என்றால் ‘பு’.

கோப்புக்குள் இருப்பதோ தமிழ் அல்ல, அதே ஆங்கில எழுத்துகள். பாமினி எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் போடுகிறது, அவ்வளவுதான். பாமினி இல்லாத கணினியில் பென் டிரைவைச் செருகினால் வேடம் கலைந்துவிடும். அந்தக் கோப்பில் ‘மட்டக்களப்பு’ என்று தேடினாலும் அகப்படாது.

யூனிகோட் இதைத் தீர்த்தது. 1991இல் வந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. அதில் ‘மட்டக்களப்பு’ 12 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 36 பைட். விண்டோஸில் நிர்மலா, லினக்ஸில் நோட்டோ, மேக்கில் தமிழ் சங்கம் என எழுத்துரு வேறாகலாம், சொல் மாறாது.

ஆக, கோப்பு ஊர்விட்டு ஊர் போகிறது. விரல்தான் போக மறுக்கிறது. ஒரு கணினியில் தமிழ் 99 விசைப்பலகை இருக்கும், இன்னொன்றில் இன்ஸ்கிரிப்ட், வேறொன்றில் அஞ்சல். பாமினியில் பழகிய கை ஒவ்வொன்றிலும் தடுமாறும்.

இதற்கு ஒரு வழி, விசைப்பலகையை இயங்குதளத்திடம் விடாமல் உரைத்திருத்திக்குள்ளேயே வைப்பது. ஈமாக்ஸ், விம் என்னும் இரண்டு உரைத்திருத்திகளும் அந்த மூன்று இயங்குதளங்களிலும் ஓடுபவை, இலவசமானவை. ஈமாக்ஸோடு தமிழ் உள்ளீட்டு முறைகள் சேர்ந்தே வருகின்றன. கன்ட்ரோலோடு பின்சாய்கோட்டை அழுத்தினால் தமிழ், மறுபடி அழுத்தினால் ஆங்கிலம்.

1991இல் பிராம் மூலனார் வெளியிட்ட விம்மில் வேறொரு வசதி உண்டு. அதில் கே விசை ‘மேல் வரிக்குப் போ’ என்னும் கட்டளை. கணினி முழுவதையும் தமிழுக்கு மாற்றிவிட்டால் அந்தக் கட்டளை வேலை செய்யாது. விம்மின் விசை அட்டவணையோ எழுதும் நேரத்தில் மட்டும் விழித்திருக்கும். அப்போது கே ‘ம’வாகும், எழுதி முடித்ததும் பழையபடி கட்டளையாகிவிடும்.

அட்டவணை வெறும் உரைக்கோப்புதான். இடப்பக்கம் விசை, வலப்பக்கம் எழுத்து. சிக்கல் கொம்பில் வருகிறது. பாமினியில் தாளில் தெரியும் வரிசைப்படி முதலில் கொம்பு, பிறகு ‘க’. யூனிகோடோ ‘க’வை முன்னும் கொம்பைப் பின்னும் வைக்கிறது. அதனால் கெ, கே, கை, கொ, கோ, கௌ ஆகிய ஆறையும் 18 மெய்க்கும் தனித்தனியே எழுத வேண்டும்: 108 வரிகள். ஒருமுறை எழுதிவிட்டால் அந்தச் சின்னக் கோப்பு பென் டிரைவில் எங்கும் கூடவே வரும்.

வரி முடிவிலும் ஒரு வில்லங்கம் உண்டு. தட்டச்சு இயந்திரத்தில் வண்டியை வரித் தொடக்கத்துக்குக் கொண்டுவருவதும் தாளை ஒரு வரி ஏற்றுவதும் இரண்டு காரியங்கள். அந்த நினைவில் விண்டோஸ் வரிக்கு இரண்டு குறி வைக்கிறது. லினக்ஸுக்கு ஒன்றே போதும். லினக்ஸில் எழுதிய பல வரிகள் நோட்பேடில் ஒரே நீள வரியாகத் தெரிந்தது 2018 வரை நீடித்தது. விம்மோ இரண்டையும் தானே இனங்கண்டுகொள்ளும்.

மிச்சம் இருப்பவை பழைய பாமினிக் கோப்புகள். மாற்றிகள் நொடியில் அவற்றை யூனிகோடாக்கித் தரும். ஆனால் எது வேடம் போட்ட ஆங்கிலம், எது உண்மையான ஆங்கிலம் என்று மாற்றிக்குத் தெரியாது. கடிதத்தின் நடுவே பெரிய எழுத்தில் யூஎஸ்பி என்று ஆங்கிலத்தில் இருந்தால் அது ‘ருளுடீ’ ஆகிவிடும். ஆகவே ஆங்கிலச் சொற்களை முதலில் அடையாளமிட்டு ஒதுக்கிவிட்டு, மற்றதை மட்டும் மாற்றியில் போடுகிறார்கள், விவரம் தெரிந்தவர்கள்.