கோழிக்கறி தின்றால் கொரோனா வருமா? 2020-ல் நாமக்கல், பல்லடத்தை புரட்டிப்போட்ட வதந்தி... நடந்தது என்ன?

நாமக்கல்:

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோழிக்கடையில் கூட்டம் இல்லை என்றால் அது புரட்டாசி மாதமாகத்தான் இருக்கும். ஆனால் 2020-ம் ஆண்டு மாசி மாதத்திலேயே கோழிக்கடைக்காரர்கள் ஈ ஓட்டிக்கொண்டு இருந்தார்கள்.

கொரோனா அப்போது தமிழ்நாட்டுக்குள் சரியாக வந்து சேரக்கூட இல்லை. அதற்கு முன்னாடியே பீதி வந்து சேர்ந்துவிட்டது. அது முதலில் போய் உட்கார்ந்த இடம் கோழி.

"சிக்கன் வேணாம்ணே, மட்டன் இருந்தா அரைக்கிலோ போடுங்க" என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். மட்டன் வாங்க வசதி இல்லாத வீடுகளில் மீன், அதுவும் இல்லாவிட்டால் கருவாடு. சாயங்காலம் தள்ளுவண்டியில் சில்லி சிக்கன் போட்டு பிழைத்தவர்கள் எண்ணெய் சட்டியை கவிழ்த்து வைத்துவிட்டு காளான், காலிபிளவர் என்று மாறினார்கள்.

இத்தனைக்கும் காரணம் செல்போனுக்கு செல்போன் பறந்த சில படங்கள். முகம் வீங்கி, உடம்பெல்லாம் புண்ணாக கிடக்கும் கோழிகள். அடியில், "பிராய்லர் கோழியில் கொரோனா கண்டுபிடிப்பு, யாரும் வாங்காதீர்கள், அதிகம் பகிரவும்" என்ற வாசகம். சிலவற்றில் பெங்களூரு என்று இருந்தது, சிலவற்றில் வேறு ஊர் பெயர். படத்தில் இருந்தது கோழிகளுக்கு வழக்கமாக வரும் நோய்கள்தான். ஆனால் அதை யார் நிதானமாக பார்த்தார்கள்?

நம்பியவர்களை குறை சொல்ல முடியுமா?

ஜனங்கள் நம்பியதற்கும் காரணம் இருந்தது. சீனாவின் வூகான் நகரில் ஆரம்பத்தில் நோய் கண்டவர்களில் பலர் அங்குள்ள கடல் உணவு சந்தையோடு தொடர்பு உள்ளவர்கள். அந்த சந்தையில் உயிருள்ள விலங்குகளையும் விற்றார்கள். "சந்தையில் இருந்து வந்த நோய்" என்ற செய்தி டி.வி.யில் ஓடியதும், இங்கே உள்ளவர்களுக்கு சந்தை என்றால் கறிக்கடைதான் ஞாபகத்துக்கு வந்தது.

பழைய காயமும் ஒன்று உண்டு. 2006-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் மராட்டிய மாநிலம் நவாப்பூரில் பறவைக்காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவில் அதுதான் முதல் முறை. நவாப்பூர் எங்கே, நாமக்கல் எங்கே? ஆனாலும் அப்போதும் நாமக்கல்லில் முட்டை விலை விழுந்தது. கோழி என்றால் காய்ச்சல் என்ற நினைப்பு மனதின் ஒரு மூலையில் கிடந்தது.

எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது போல 2020 மார்ச் 7-ந் தேதி அமைந்தது. அன்றுதான் ஓமனில் இருந்து வந்த காஞ்சீபுரத்தைச் சேர்ந்த ஒருவருக்கு கொரோனா என்று உறுதியானது. தமிழ்நாட்டின் முதல் நோயாளி அவர். அதே நாளில் பக்கத்து மாநிலமான கேரளாவில் கோழிக்கோடு பகுதியில் பறவைக்காய்ச்சலும் உறுதியானது. பண்ணைக் கோழிகளை பிடித்து அழிக்கும் காட்சிகள் டி.வி.யில் வந்தன.

ஒரு பக்கம் கொரோனா, இன்னொரு பக்கம் சாக்கு மூட்டையில் கோழி. ரெண்டும் ஒண்ணுதான் என்று ஜனங்கள் முடிவு கட்டிவிட்டார்கள். உண்மையில் இரண்டும் முற்றிலும் வேறு வேறு கிருமிகள். பறவைக்காய்ச்சல் இன்புளுயன்சா வகை.

தடுப்பூசி பாட்டிலில் 'கொரோனா'

வதந்திக்கு இன்னொரு "ஆதாரமும்" காட்டினார்கள். கோழிக்குஞ்சுகளுக்கு போடும் தடுப்பு மருந்து விவரத்தில் கொரோனா வைரஸ் என்று இருக்கிறதே, அப்போ அது கோழி நோய்தானே என்பது அவர்கள் கேள்வி.

கொரோனா என்பது ஒரே ஒரு கிருமியின் பெயர் கிடையாது. அது ஒரு குடும்பத்தின் பெயர். கோழிகளுக்கு மூச்சுக்குழல் நோயை உண்டாக்கும் ஒரு கிருமி அந்த குடும்பத்தில் உண்டு. 1930-களில் இருந்தே கால்நடை டாக்டர்களுக்கு அது தெரியும். பண்ணைகளில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து போல அதற்கும் மருந்து கொடுக்கிறார்கள். அந்த கிருமி மனிதருக்கு தொற்றுவது இல்லை. குடும்பப்பெயர் ஒன்று என்பதற்காக ஊரில் உள்ள எல்லா முருகனும் ஒரே ஆள் ஆகிவிடுவார்களா?

மனிதரை தாக்கிய கொரோனா கோழியை தாக்குமா என்று விஞ்ஞானிகள் நேரடியாகவே சோதித்தார்கள். ஜெர்மனியிலும் சீனாவிலும் 2020-ம் ஆண்டே கோழிகளுக்கு வேண்டுமென்றே அந்த கிருமியை கொடுத்துப் பார்த்தனர். கோழிக்கு நோய் ஒட்டவில்லை. பூனைக்கும், கீரி போன்ற பெரட் என்ற பிராணிக்கும்தான் ஒட்டியது. ஆனால் அந்த முடிவுகள் வந்தபோது மார்ச் மாதம் போயே போய்விட்டது.

மத்திய கால்நடை பராமரிப்பு துறை பிப்ரவரியிலேயே "கோழிக்கும் கொரோனாவுக்கும் தொடர்பு இல்லை" என்று சொன்னது. ஐதராபாத்தில் பிப்ரவரி 28-ந் தேதி தெலுங்கானா மந்திரிகள் மேடையில் நின்று சிக்கன் சாப்பிட்டே காட்டினார்கள். அந்த படத்தையும் ஜனங்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டு மட்டன் கடைக்கு போனார்கள்.

கோழிக்கு லீவு கிடையாது

துணிக்கடை என்றால் பூட்டிவிடலாம். பட்டறை என்றால் மெஷினை நிறுத்திவிடலாம். கோழிப்பண்ணையில் அது முடியாது. நாமக்கல்லின் வேதனையே அதுதான்.

நாமக்கல் மண்டலத்தில் ஆயிரத்துக்கும் அதிகமான பண்ணைகள், தினமும் 3 கோடிக்கும் மேல் முட்டை. முட்டைக்கோழி சுமார் 20 வாரத்தில் முட்டையிட தொடங்கும். அப்புறம் ஒரு வருடத்துக்கும் மேல் இட்டுக்கொண்டே இருக்கும். விலை இல்லை, நாளைக்கு இடாதே என்று அதனிடம் சொல்ல முடியுமா?

ஒரு கோழி ஒரு நாளைக்கு சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். 50 ஆயிரம் கோழி உள்ள பண்ணை என்றால் தினமும் ஐந்தரை டன். மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு என்று அத்தனையும் காசு. முட்டை விற்றாலும் விற்காவிட்டாலும் காலையில் தீவனம் கொட்டியே ஆக வேண்டும்.

அதே சமயத்தில் முட்டை போகும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. பறவைக்காய்ச்சலால் கேரளாவில் வாங்குவது குறைந்தது. மார்ச் 17-ந் தேதி முதல் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். சத்துணவில் போகும் முட்டையும் நின்றுபோனது. ஓட்டல், பேக்கரி, புரோட்டா கடை எல்லாம் டல். அடக்க விலைக்கும் ரொம்ப கீழே போய்விட்டது முட்டை விலை. முட்டையிட்டு ஓய்ந்த கோழியை வழக்கமாக கறிக்கு தள்ளிவிடுவார்கள். அதற்கும் ஆள் இல்லை. முட்டை அட்டைகள் குடோனில் கூரை வரை ஏறின. வெளியே பங்குனி வெயில். முட்டை எத்தனை நாள் தாங்கும்?

பண்ணையாளர்கள் வதந்தி பரப்பியவர்கள் மீது போலீசுக்கு போனார்கள். ஆனால் எங்கோ ஒருவன் போட்டதை நல்லெண்ணத்தோடு தன் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிய லட்சக்கணக்கான பேரை எந்த போலீஸ் பிடிப்பது?

காலி ஷெட்டும் பேங்க் கடனும்

பல்லடம் பக்கம் கதை வேறு மாதிரி. அங்கே கறிக்கோழி. கம்பெனி குஞ்சு கொடுக்கும், தீவனம் கொடுக்கும், மருந்து கொடுக்கும். ஷெட்டும், தண்ணீரும், கரண்டும், உழைப்பும் விவசாயியுடையது. வளர்த்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக்கூலி.

கறிக்கோழி 40 நாள் பயிர் மாதிரி. அந்த நேரத்தில் பிடித்துவிட வேண்டும். தாண்டினால் தின்னும் தீவனம்தான் நஷ்டம். 2020 மார்ச்சில் பண்ணை விலை அடக்க விலையில் பாதிக்கும் கீழே போனதால் கோழி பிடிக்க வண்டி வரவில்லை. பிடித்த பண்ணைக்கு அடுத்த குஞ்சு வரவில்லை. கூலி இல்லாமல் காலி ஷெட்டை பார்த்தபடி விவசாயி உட்கார்ந்திருக்க, ஷெட் போட வாங்கிய பேங்க் கடனுக்கு வட்டி மட்டும் தவறாமல் ஏறியது.

கோழி பிடிக்கிற ஆட்கள், வேன் டிரைவர்கள், கடையில் கோழி உரிக்கிற பையன்கள் யாரும் மாத சம்பளக்காரர்கள் இல்லை. இத்தனை கோழி விற்றால் இத்தனை ரூபாய் என்ற கணக்கு. இவர்கள் வீட்டு அடுப்பில் வதந்தி தண்ணீர் ஊற்றியதை எந்த கணக்கிலும் யாரும் எழுதவில்லை. பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளம் போட்டவர்கள் வரை இந்த அடி போய் விழுந்தது.

ஆபத்து இருந்தது எங்கே?

கறிக்கடையில் ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. இருந்தது. ஆனால் கூண்டுக்குள் இல்லை, கூண்டுக்கு வெளியே வரிசையில் இருந்தது.

கொரோனா முக்கியமாக பரவியது மூச்சுக்காற்று வழியாக. இருமல், தும்மல், பக்கத்தில் நின்று சத்தமாக பேசுவது. கோழியை பார்த்து பயந்து மட்டன் கடையில் போய் ஒருவர் முதுகில் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றவர்கள், ஆபத்தில்லாத இடத்தை விட்டு ஆபத்துள்ள இடத்தில் போய் நின்றார்கள். கறியை நன்றாக வேகவைப்பதும், பச்சைக்கறியை தொட்ட கையை சோப்பு போட்டு கழுவுவதும் கொரோனா இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டிய வேலை.

இதையே ஒரு மாதம் கழித்து சென்னை கோயம்பேடு மார்க்கெட்டும் காட்டியது. 2020 ஏப்ரல் கடைசியில் அங்கிருந்து தொற்று பல மாவட்டங்களுக்கு பரவியது. உடனே "வெண்டைக்காயில் கொரோனா இருக்குமா, தக்காளியை மஞ்சள் தண்ணியில் ஊறப்போடணுமா" என்று கேள்விகள். காய்கறியை ஏற்றி இறக்கிய, வாங்கி விற்ற மனிதர்களிடம் இருந்துதான் அது போனது. மே 5-ந் தேதி மார்க்கெட்டை மூடினார்கள்.

பால் பாக்கெட்டை சோப்பு போட்டு கழுவினார்கள். ரூபாய் நோட்டை வெயிலில் காயவைத்தார்கள். பேப்பரை தொட்டால் ஒட்டும் என்று பேப்பர்காரரை வாசலிலேயே திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. கோழிக்கு விழுந்த அடியில் ஒரு பங்கு பத்திரிகைகளுக்கும் விழுந்தது.

திரும்பி வந்த கூட்டம்

மார்ச் 24-ந் தேதி மாலை 6 மணிக்கு தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. தீவன லாரிகள் வழியில் நின்றன. பண்ணைகளில் வேலை செய்த வடமாநில ஆட்களில் பலர் சொந்த ஊருக்கு கிளம்பினார்கள். இதோடு நாமக்கல் கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

ஆனால் ஏப்ரலில் காற்று திசை மாறியது. வீட்டில் அடைந்து கிடந்த குடும்பங்களுக்கு சமைக்க சுலபமான, விலை குறைந்த பொருள் முட்டைதான். "உடம்புக்கு எதிர்ப்பு சக்தி வேணும், முட்டை சாப்பிடுங்க" என்று டாக்டர்கள் சொன்னார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் கொரோனா நோயாளிகளின் சாப்பாட்டு பட்டியலிலேயே அவித்த முட்டை இடம்பிடித்தது. எதை தின்றால் கொரோனா வரும் என்று மார்ச்சில் ஓடினார்களோ, அதையே ஏப்ரலில் கொரோனா வார்டில் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள்.

மே மாதம் கறிக்கடையில் மறுபடியும் வரிசை. ஆனால் விலை எகிறிக் கிடந்தது. "போன மாசம் சும்மா குடுத்தாலும் வாங்க ஆளில்ல, இப்ப இந்த விலையா?" என்று கடைக்காரரிடம் சண்டைக்கு நின்றார்கள் ஜனங்கள்.

கணக்கு சிம்பிள். மார்ச்சில் யாரும் வாங்காததால் கம்பெனிகள் ஷெட்டில் குஞ்சு விடவில்லை. மார்ச்சில் விடாத குஞ்சு மே மாதம் கோழியாக வராது. மறுபடி குஞ்சு விட்டு, அது வளர்ந்து கடைக்கு வர நாற்பது நாள் ஆகும். அதுவரை அந்த விலைதான். முணுமுணுத்துக்கொண்டே அரைக்கிலோ வாங்கிப் போனார்கள்.